பச்சைப் பென்ஸில் கோடு

ஒரு தேசத்தில் ஒருவன் எப்படி வாழ்கிறான் என்பதைக் காட்டிலும், அந்தத் தேசத்துக்குள் அவன் எப்படி நுழைந்தான் என்பதே பெரிய விஷயமாகிவிடும் இடங்கள் உலகத்தில் சில உண்டு. மத்தியதரைக் கடலின் கீழ்க்கோடியிலுள்ள ஸைப்ரஸ் தீவு அவற்றுள் ஒன்று. அங்கே குடியிருக்கும் அந்நிய நாட்டான் நல்லவனா பொல்லாதவனா, உழைப்பாளியா சோம்பேறியா என்னும் விசாரணையெல்லாம் பிறகுதான். "எந்த வாசல் வழியாக வந்தீர்?" என்பதே முதற் கேள்வி. அதற்குச் சொல்லும் விடையைப் பொறுத்தே, அவன் தன் வீட்டிலிருந்து நாலு மைல் தூரத்திலுள்ள கடைத்தெருவுக்குப் போகலாமா கூடாதா என்பது தீர்மானமாகிறது.

இந்த விசித்திரத்தை நமது நேயர்கள் அறிந்துகொள்வது வெறும் பொழுதுபோக்குக்காக அல்ல. நம் தேசத்துப் பிள்ளைகளும், அண்டை நாடான இலங்கையின் பெண்மக்களும் இன்று பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் அந்தத் தீவுக்குப் போகிறார்கள். வழி தெரியாமல் போகிறவர்களுக்கு அங்கே நேரக்கூடிய சங்கடம் சாமானியமானதல்ல.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஸைப்ரஸ் 9,251 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. ஸிஸிலி, ஸார்டினியா ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மத்தியதரைக் கடலில் மூன்றாவது பெரிய தீவு. 1571-ஆம் ஆண்டில் துருக்கிச் சுல்தானுடைய சேனைகள் அதைக் கைப்பற்றின. 1878-இல் பிரிட்டிஷார் அதன் நிர்வாகத்தைச் சுல்தானிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். 1914-இல் தங்கள் ராஜ்யத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். 1925-இல் முடியரசின் குடியேற்ற நாடாக்கினார்கள். ஜனங்களில் 100-க்கு சுமார் 78 பேர் கிரேக்க பாஷை பேசும் கிறிஸ்தவர்கள். சுமார் 18 பேர் துருக்கி பாஷை பேசும் முஸ்லிம்கள். 1955-இல் கிரேக்கர்கள் ஆயுதமேந்திக் கிளர்ச்சி செய்தபோது, பிரிட்டிஷ் சர்க்கார் அவர்களை அடக்குவதற்குத் துருக்கியரிலிருந்து துணைப் போலீஸ் படை திரட்டினார்கள். இந்த வித்தையை நாம் நன்கு அறிவோம். ஒரு வீட்டில் அண்ணன் கையில் தடியைக் கொடுத்துத் தம்பியை அடிக்கச் சொன்ன பிறகு, விருந்தாளி ஊருக்குப் புறப்பட்டுப் போகலாம். அடித்தவனும் அடிபட்டவனும் அதே கூரையின் கீழ்த்தானே குடியிருக்க வேண்டும்?

1960-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதி தீவு சுதந்தரம் பெற்றது. அப்பொழுதும் இரண்டு ராணுவத் தளங்களைப் பிரிட்டன் தன் சொந்த மண்ணாகவே வைத்துக்கொண்டது. புதிய குடியரசு மூன்று வருஷங்கூட ஒற்றுமையாக நடக்கவில்லை. 1963 டிசம்பரில் இரு வகுப்பாருக்கும் சண்டை மூண்டது. அந்த மாதம் 30-ஆம் தேதி, பிரிட்டிஷ் தளபதி பீட்டர் யங் என்பவர் தலைநகரான நிகோஸியாவின் படத்தை எடுத்து, கைக்கு அகப்பட்ட பச்சைப் பென்ஸிலால் அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். சண்டை ஓயும்வரைக்கும் இரு கட்சியாரையும் பிரித்து வைப்பதற்கான தற்காலிக ஏற்பாடு என்றார்கள். அந்தப் 'பச்சைக் கோடு' இன்றும் அழியவில்லை.

நாம் வகுப்பில் இந்தச் சமாசாரத்தைச் சொன்னபோது ஒரு சிறுவன் எழுந்து, "ஸார், தரையிலும் அது பச்சையாகவே இருக்குமா?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். கேள்வி சிரிப்புக்குரியதன்று. தரையில் அது மணல் மூட்டைகளாகவும், முள்வேலியாகவும், பாதியில் சுவரெழுப்பி அடைத்த தெருக்களாகவும் இருக்கிறது. 1974 ஜூலை 15-இல், கிரீஸை ஆண்ட ராணுவக் கூட்டத்தாரின் தூண்டுதலால் ஜனாதிபதி மகாரியாஸ் பாதிரியாருக்கு விரோதமாகப் புரட்சி நடந்தது. ஐந்தே நாளில் துருக்கிச் சேனை வடகரையில் வந்திறங்கியது. ஆகஸ்ட் மத்தியில் சண்டை நின்றபோது, தீவின் வடபாகம், அதாவது மூன்றிலொரு பங்குக்கு மேல், துருக்கியர் வசமாகியிருந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கிரேக்கர்கள் வடக்கிலிருந்து தெற்கேயும், நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட துருக்கியர்கள் தெற்கிலிருந்து வடக்கேயும் வீடு வாசலை விட்டுப் போனார்கள். இடையே சுமார் 180 கிலோமீட்டர் நீளத்துக்கு ஐக்கிய நாடுகளின் காவற் பிரதேசம் அமைந்தது. சில இடங்களில் அதன் அகலம் ஏழு கிலோமீட்டர். நிகோஸியாவின் சந்துகளில் சில அடிகள்தாம்.

இந்தக் காவலில் நம் தேசத்துக்கும் பங்குண்டு. 1964-இல் ஐக்கிய நாடுகளின் படை அங்கே போனபோது அதன் முதல் தலைவர் இந்தியரான கியானி. அவருக்கு அடுத்து வந்தவர் குடகு நாட்டின் புதல்வரும் நமது சேனையின் முன்னாள் தலைமைத் தளபதியுமான திம்மய்யா. 1965 டிசம்பரில் பதவியிலிருக்கும்போதே அவர் அத்தீவில் காலமானார்; ஸைப்ரஸ் சர்க்கார் அவர் ஞாபகமாகத் தபால் தலை வெளியிட்டார்கள். 1974-இன் யுத்த காலத்தில் அங்கே தலைமை வகித்தவரும் பிரேம் சந்த் என்ற இந்தியத் தளபதியே.

1983 நவம்பரில் வடபாகத்தார் 'வட ஸைப்ரஸ் துருக்கியக் குடியரசு' என்று தனி ராஜ்யம் பிரகடனம் செய்தார்கள். துருக்கியைத் தவிர எந்த ராஜ்யமும் அதை அங்கீகரிக்கவில்லை. பாதுகாப்புச் சபை அந்தப் பிரகடனம் செல்லாது என்று தீர்மானித்தது. ஆகவே சட்டப்படி தீவு முழுவதும் ஒரே குடியரசு. அநுபவத்தில் இரண்டு சர்க்கார்கள், இரண்டு நாணயங்கள், இரண்டு போலீஸ் படைகள். 2016-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இரண்டு மணிக்கணக்குகள்கூட ஏற்பட்டன. துருக்கியைப் பின்பற்றி வடபாகத்தார் கடிகாரத்தைத் திருப்பாமல் விட்டதால், தெருவின் இந்த முனையில் பத்து மணி, அந்த முனையில் பதினொரு மணி! அடுத்த வருஷம் அந்தப் பேதம் நீங்கியது. எந்த வேலியாலும் பிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. அது நிகோஸியாவின் சாக்கடை. 1970-களின் கடைசியில் இரு பக்கத்து நகரத் தலைவர்களும் கலந்து பேசி, ஊர் முழுவதற்கும் ஒரே சாக்கடைத் திட்டத்தை நிறைவேற்றினார்கள். அழுக்கு நீர் அன்றுமுதல் பாஸ்போர்ட் இல்லாமல் எல்லை கடந்துவருகிறது.

மனிதருக்கு அந்தப் பாக்கியம் 2003 ஏப்ரல் 23-ஆம் தேதி வரையில் கிட்டவில்லை. தெற்கே வந்த அந்நிய உல்லாசப் பிரயாணிகள் மட்டும் பகலில் வடக்கே போய் மாலைக்குள் திரும்பலாம் என்றிருந்தது. அன்றைத் தினம் வடபாகத்தார் திடீரென்று வாசலைத் திறந்தார்கள். இருபத்தொன்பது வருஷம் காத்திருந்த ஜனங்கள் கூட்டங் கூட்டமாய்க் கடந்து சென்று, தாங்கள் பிறந்த வீட்டின் கதவைத் தட்டினார்கள். மறு வருஷம் ஏப்ரல் 24-இல் ஐக்கிய நாடுகளின் தலைமைக் காரியதரிசி கோபி அன்னானின் சமரசத் திட்டம் ஜனங்களின் வாக்குக்கு விடப்பட்டது. துருக்கியரில் 100-க்கு 65 பேர் 'வேண்டும்' என்றார்கள். கிரேக்கரில் 100-க்கு 76 பேர் 'வேண்டாம்' என்றார்கள். ஒரு வாரம் கழித்து, மே 1-ஆம் தேதி, பிளவுபட்ட நிலையிலேயே ஸைப்ரஸ் ஐரோப்பிய யூனியனில் சேர்ந்தது.

அந்த யூனியன் இயற்றிய 2004-ஆம் வருஷத்து 866-ஆம் எண் விதியே இன்று கோட்டைக் கடப்பதற்கான ஆதாரம். அதன் சாரம் இதுதான்: பச்சைக் கோடு தேசத்தின் எல்லையன்று. ஆனாலும் அதைக் கடக்கும் எல்லோரையும் குடியரசின் உத்தியோகஸ்தர்கள் சோதிக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட வாசல்களில் மட்டுமே கடக்கலாம். அத்தகைய வாசல்கள் இப்பொழுது ஒன்பது. நிகோஸியாவின் லெட்ரா வீதி வாசல் 2008-இலும், டெரீனியா வாசல் 2018-இலும் திறந்தவை. பெர்கமாஸ், ஸ்ட்ரொவீலியா என்ற இரண்டும் பிரிட்டிஷ் தளத்தை ஒட்டியவை.

யார் யார் கடக்கலாம்? தீவின் பிரஜைகளும் ஐரோப்பிய யூனியனின் மற்றப் பிரஜைகளும் அடையாளச் சீட்டையோ பாஸ்போர்ட்டையோ காட்டிவிட்டுப் போய் வரலாம். மூன்றாவது நாட்டாருக்கு நிபந்தனை உண்டு. குடியரசு கொடுத்த வாச அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும்; அல்லது செல்லத்தக்க பாஸ்போர்ட்டும், அவசியமானால் குடியரசின் விசாவும் இருக்க வேண்டும்; பொது அமைதிக்கு ஆபத்தானவராகவும் இருக்கக் கூடாது. வடபக்கத்து உத்தியோகஸ்தர்களும் தங்கள் பங்குக்குப் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள். அங்கீகாரமில்லாத ராஜ்யத்தின் முத்திரை பாஸ்போர்ட்டில் விழுந்தால் பிற்காலத்தில் தொல்லை வரும் என்று பிரயாணிகள் அஞ்சியதால், தனித் துண்டுக் காகிதத்தில் முத்திரை குத்திக் கொடுத்து வந்தார்கள். 2015-இல் அந்தத் துண்டுக் காகிதமும் நின்றது. மோட்டார் வண்டியோடு போகிறவர் வாசலிலேயே தனியாக இன்ஷ்யூரன்ஸ் வாங்க வேண்டும். ஒரு பக்கத்து இன்ஷ்யூரன்ஸ் மறு பக்கத்தில் செல்லாது. கையோடு கொண்டுவரும் சாமான்களுக்கும் அளவு உண்டு: 260 யூரோ மதிப்புக்குள் இருக்க வேண்டும், சிகரெட் நாற்பது, மதுபானம் ஒரு லிட்டர்.

படிக்கும்போது விதி நியாயமாகவே தோன்றுகிறது. கஷ்டமெல்லாம் 'வாசல்' என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. வடபாகத்தில் எர்க்கான் என்னுமிடத்தில் விமான நிலையம் ஒன்று உண்டு. துருக்கியில் இறங்கி ஏறாமல் அங்கே எந்த விமானமும் போவதில்லை. 1974 முதல் வடபாகத்துத் துறைமுகங்களும் விமானத் தளங்களும் மூடப்பட்டவை என்பது குடியரசின் சட்டம். ஆகையால் எர்க்கான் வழியாக வந்தவர், சட்டத்தின் கண்ணுக்குச் சுவரேறிக் குதித்து வந்தவரே. அவரை உள்ளே விட மறுக்கவோ, அபராதம் விதிக்கவோ தனக்கு உரிமையுண்டு என்று குடியரசு சொல்லிவருகிறது.

சில உதாரணங்களைப் பார்ப்போம். தெற்கே ஒரு வீட்டில் சமையல் வேலை செய்யும் இலங்கைப் பெண்ணிடம் குடியரசின் வாச அனுமதி இருக்கிறது. எஜமானியம்மாளோடு அவள் வடக்கே போனாலும், திரும்பி வருவதற்கு அந்தச் சீட்டே போதுமானது. அவளுக்குக் கவலையில்லை. வடக்கே கடற்கரையோரத்தில் வீடு கட்டிக்கொண்ட வயோதிக ஆங்கிலேயர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டன் ஐரோப்பிய யூனியனில் இருந்தவரையில் அவர் யூனியன் பிரஜை. 2020 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு அந்தப் பிரஜைக்குரிய உரிமைகளும் முடிவடைந்தன. மறுநாள் காலை எழுந்தபோது அவர் மூன்றாவது நாட்டார் ஆகிவிட்டார். அவர் ஓர் அடியும் நகரவில்லை; கோடுதான் அவரைத் தாண்டிச் சென்றது.

வீட்டு விவகாரம் வேறு. வடக்கே அந்நியர்கள் வாங்கிய நிலங்களில் பல, 1974-இல் ஓடிப்போன கிரேக்கர்களுடையவை. ஓர் ஆங்கிலத் தம்பதி அப்படிப்பட்ட நிலத்தில் மாளிகை கட்டினார்கள். நிலச் சொந்தக்காரர் நிகோஸியா கோர்ட்டில் வழக்காடி, கட்டடத்தை இடிக்கத் தீர்ப்புப் பெற்றார். அந்தத் தீர்ப்பை இங்கிலாந்திலும் அமல் நடத்தலாம் என்று 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் முடிவு கூறியது. பிறர் நிலத்தை விற்பதும் வாங்குவதும் குடியரசின் சட்டப்படி குற்றம். எனவே வடக்கே மலிவாக வீடு வாங்கியவர், வாசலைக் கடக்கும்போது கைதாகவும் கூடும். இதில் நமக்கு அந்த வீட்டுக்காரர் பேரில் மிகுந்த அநுதாபம் உண்டாகவில்லை. ஊரார் சொத்து மலிவாக வருகிறதென்றால், அதன் காரணத்தை விசாரிப்பது வாங்குகிறவனுடைய கடமை.

ஆனால் அடுத்த உதாரணம் அப்படிப்பட்டதன்று. துருக்கி வகுப்பைச் சேர்ந்த ஸைப்ரஸ் பெண் ஒருத்தி. குடியரசின் பிரஜை என்ற உரிமை அவளுக்கு உண்டு. அவளுடைய கணவன் துருக்கி தேசத்திலிருந்து வடக்கே வந்து குடியேறியவன். அவள் லெட்ரா வீதியில் நடந்து தெற்கே போகலாம். அவன் போகக் கூடாது. குழந்தைகளுக்குக் குடியரசின் பிரஜா உரிமை கிடைப்பதும் எளிதாயில்லை. ஒரே குடும்பத்தின் நடுவே அந்தப் பச்சைக் கோடு ஓடுகிறது.

இனி நமக்கு நெருங்கிய விஷயத்துக்கு வருவோம். வடபாகத்தில் சர்வகலாசாலைகள் பல தோன்றியுள்ளன. ஆப்பிரிக்காவிலிருந்தும் தெற்காசியாவிலிருந்தும் மாணவர்கள் அவற்றை நாடிப் போகிறார்கள். விளம்பரத்தில் 'ஸைப்ரஸ்' என்றே காண்கிறது. ஸைப்ரஸ் ஐரோப்பிய யூனியனைச் சேர்ந்தது என்பதும் மெய்தான். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுகிற தகப்பனார், மகன் ஐரோப்பாவுக்குப் போகிறான் என்று நினைத்துக் கடன் வாங்கிப் பணம் கட்டுகிறார். பிள்ளை எர்க்கானில் இறங்குகிறான். இறங்கிய பிறகுதான் யூனியனின் சட்டங்கள் அந்தப் பாகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது தெரிகிறது. நமது சர்க்கார் அங்கீகரிப்பது ஸைப்ரஸ் குடியரசு ஒன்றைத்தான். இந்திய ஹை கமிஷனர் காரியாலயம் நிகோஸியாவின் தென்பாகத்தில் இருக்கிறது. வடக்கே இருக்கும் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் தொலைந்தாலும், பணம் பறிபோனாலும், வேறு ஆபத்து வந்தாலும், தன் தேசத்தின் காரியாலயம் சில மைல் தூரத்தில்தான். ஆனால் இந்தியருக்குக் குடியரசின் விசா அவசியம். விசா இல்லாதவனை வாசலைத் தாண்டவிட விதி இடங்கொடுப்பதில்லை. தாய்நாட்டின் கொடி பக்கத்திலேயே பறக்க, அதன் நிழலுக்குப் போக முடியாத நிலையைப் பெற்றோர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இரு பக்கத்தாருக்கும் சொல்வதற்கு நியாயம் இல்லாமற் போகவில்லை. "எங்கள் வீட்டின் பின்கட்டைப் பிடித்துக்கொண்டவர் திறந்துவிட்ட கதவை நாங்கள் எப்படி வாசலென்று ஒப்புக்கொள்வது?" என்கிறது குடியரசு. "சமரசத்துக்குச் சம்மதித்து வாக்களித்தவர்கள் நாங்கள், வெளியே நிற்பவர்களும் நாங்களேயா?" என்கிறார்கள் வடபாகத்துத் துருக்கியர். இரண்டு வாதங்களும் அரை நூற்றாண்டுக் காலத்து ரணத்திலிருந்து பிறந்தவை. தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்லிவிட நாம் முற்படவில்லை. நம் தேசத்திலும் 1947-இல் படத்தின்மேல் கோடிழுத்தார்கள். அதன் விலை எவ்வளவென்று நமக்குத் தெரியும்.

ஆயினும் ஒன்று சொல்லலாம். 2004-ஆம் வருஷத்து விதியே ஒரு நல்ல பாடம். வடக்கே உள்ள ஆட்சியை அங்கீகரிக்காமலே, அங்கே வாழும் ஜனங்களுக்குக் கதவைத் திறந்துவிட வழி கண்டுபிடித்தது அது. அந்தச் சாமர்த்தியம் பிரஜைகளோடு நின்றுவிட வேண்டியதில்லை. கணவன் மனைவியரைப் பிரிக்காமலும், நோயாளியை வைத்தியசாலைக்கு விட்டும், தன் தேசத்துக் காரியாலயத்தை நாடுகிற மாணவனுக்கு ஒரு நாள் அனுமதிச் சீட்டுக் கொடுத்தும் உதவினால், குடியரசின் உரிமை ஒன்றும் குறைந்துபோகாது. வாசல்களைச் சாத்துவது எளிதென்பதை 2020-இல் கண்டோம். கொள்ளை நோயின் காரணமாக அடைத்தவற்றை மறுபடி யாவருக்கும் திறக்க 2021 ஜூன் வரை ஆயிற்று. 2024-இல் புகலிடம் தேடி வந்த சிலர், இரு பக்கமும் ஏற்காமல், காவற் பிரதேசத்தின் நடுவே கூடாரங்களில் வெயிலைச் சகித்துக்கொண்டு மாதக்கணக்காகக் கிடந்தார்கள்.

ஆகவே நமது வேண்டுகோள் இவ்வளவுதான். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு 'ஸைப்ரஸ்' என்று யாராவது ஆசை காட்டினால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த விமான நிலையத்தில் இறங்க வேண்டும்? விசாவைக் கொடுப்பது எந்த சர்க்கார்? அங்கிருந்து நமது ஹை கமிஷனர் காரியாலயத்துக்கு அவன் நடந்து போகலாமா? லார்னகாவோ பாபோஸோ என்று விடை வந்தால் மற்றதை விசாரியுங்கள். எர்க்கான் என்று வந்தால், பணம் கட்டுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். இந்த விவரங்களைத் தெரிந்துகொள்ளச் செலவாவது ஒரு மாலை நேரம். தெரிந்துகொள்ளாமற் போனால் செலவாவது ஒரு பிள்ளையின் சில வருஷங்கள்.